நல்லவராக இருந்தால் போதுமா, கொடுத்தும் வைத்திருக்க வேண்டுமா? அரிஸ்டாட்டில் வாசிப்பில் ஒரு சிக்கல்

கரிசல்காற்று (இழையைத் தொடங்கியவர்)

மூன்று மாதமாக அரிஸ்டாட்டிலின் 'நிகோமாக்கிய அறவியல்' படிக்கிறேன். பத்துப் பாகம் உள்ள நூலில் இன்னும் முதல் பாகத்திலேயே நிற்கிறேன். நூல் கடினம் என்பது ஒரு காரணம். எங்கே உட்கார்ந்து படிக்கிறேன் என்பது இன்னொரு காரணம்.

என் தாய்மாமா தபால் ஆபீஸில் வேலை பார்த்தவர். அவரிடம் காசைக் கொடுத்துவிட்டு ரசீது கேட்டவர் ஊரில் கிடையாது. கேட்காவிட்டாலும் எழுதிக் கையில் திணித்துத்தான் அனுப்புவார். 58 வயதில் பக்கவாதம் வந்தது. ஆறு வருடமாகிறது. வலது கையும் காலும் வரவில்லை, பேச்சும் போய்விட்டது. சனி, ஞாயிறு நான் போய்க் கட்டில் பக்கத்தில் இருப்பேன். அத்தை அந்த நேரத்தில்தான் கடைகண்ணிக்குப் போய்வருவார். பார்க்க வருகிறவர்கள் சொல்லிவைத்தாற்போல ஒன்றே சொல்கிறார்கள்: "இவ்வளவு நல்ல மனுஷனுக்கு இப்படியா?"

என் சிக்கல் இது. கி.மு. 399-இல் ஏதென்ஸ் நீதிமன்றம் மரண தண்டனை விதித்த பிறகு, 70 வயது சாக்ரடீஸ் பேசியதாகப் பிளேட்டோ எழுதியிருக்கிறார்: நல்ல மனிதனுக்கு உயிரோடு இருக்கும்போதும் செத்த பிறகும் எந்தத் தீங்கும் நேராது என்று. அரிஸ்டாட்டிலோ (அடிக்குறிப்பு காட்டியதால் ஏழாம் பாகத்தைப் புரட்டிப் பார்த்தேன்) நேர் எதிராகச் சொல்கிறார். சக்கரத்தில் கட்டி வதைக்கப்படுகிறவனும் பெரும் துன்பங்களில் விழுந்தவனும் நல்லவர்களாக இருந்தால் மகிழ்ச்சியானவர்களே என்று சொல்பவர்கள், தெரிந்தோ தெரியாமலோ, அர்த்தமில்லாமல் பேசுகிறார்களாம்.

பிளேட்டோவிடம் இருபது வருடம் இருந்தவர் இப்படி எழுதுகிறார். யார் சொல்வது சரி? மாமாவைப் பார்த்துக்கொண்டே இதைப் படிக்க முடியவில்லை. படிக்காமல் மூடி வைக்கவும் முடியவில்லை.

---

ஏதென்ஸ்வழி

தம்பி, உங்கள் கேள்வி அந்த நூலின் நடு எலும்பைத் தொடுகிறது. பதிலுக்குப் போகும் முன் சொல்லைச் சரிசெய்துகொள்வோம். தமிழில் படிக்கும்போது பாதிச் சிக்கல் சொல்லிலேயே வந்துவிடுகிறது.

நீங்கள் 'மகிழ்ச்சி' என்று எழுதிய இடத்தில் கிரேக்கத்தில் இருப்பது யூடைமோனியா. முதல் பாகம் ஒன்பதாம் அதிகாரத்தைப் பாருங்கள். மாட்டையோ குதிரையையோ யூடைமோன் என்று நாம் சொல்வதில்லை, அதே காரணத்துக்காகக் குழந்தையையும் சொல்ல முடியாது என்கிறார். குழந்தையை அப்படி அழைத்தால் அது எதிர்காலத்தை நம்பி அழைப்பதுதானாம். யூடைமோனியாவுக்கு மகிழ்ச்சி என்று பொருள் இருந்தால் முதலில் குழந்தையைத்தானே சொல்ல வேண்டும்? முற்றத்தில் மண்ணைப் பிசைந்து சிரிக்கும் பிள்ளையைவிட மகிழ்ச்சியானவர் யார்? ஆகவே அது மனசுக்குள் தோன்றும் நிலை இல்லை. ஒரு வாழ்க்கை முழுவதையும் பார்த்து, 'நன்றாக வாழ்ந்த வாழ்க்கை' என்று சொல்கிறோமே, அது. நல்வாழ்வு, நிறைவாழ்வு என்ற சொற்கள் பக்கத்தில் வருகின்றன.

சொல்லின் வேர் 'யூ' (நல்ல), 'டைமோன்' (தெய்வ சக்தி). நல்ல தெய்வம் துணையிருக்கப் பெற்றவன். நம் பேச்சில் உள்ள 'கொடுத்துவைத்தவர்' இதற்கு நெருக்கம். ஆனால் நம் சொல்லில் முற்பிறவிக் கணக்கு ஒன்று ஒளிந்திருக்கிறது. கிரேக்கச் சொல்லில் அது இல்லை. சாக்ரடீஸுக்கு முந்திய ஹெராக்லைட்டஸே 'மனிதனுக்கு அவன் குணமே டைமோன்' என்று சொல்லிவிட்டார். வரமாகக் கிடைப்பதைச் சொன்ன ஒரு சொல்லை, மனிதன் தானே ஈட்டுவதைச் சொல்லும் சொல்லாக மாற்றும் வேலை அங்கேயே தொடங்கிவிட்டது. அந்த வேலை எவ்வளவு தூரம் முடிந்தது என்பதுதான் உங்கள் கேள்வி.

அடுத்தது அரெட்டே. இதை 'அறம்' என்று எழுதுகிறோம். ஒலி ஒத்துப்போவதால் இரண்டும் ஒரே வேர் என்று சிலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. அரிஸ்டாட்டில் கண்ணுக்கும் குதிரைக்கும் அரெட்டே உண்டு என்கிறார். கண்ணின் அரெட்டே நன்றாகப் பார்ப்பது, குதிரையின் அரெட்டே நன்றாக ஓடுவது, ஆளைச் சுமப்பது, எதிரியின் முன் மிரளாமல் நிற்பது. 'கண்ணின் அறம்' என்று தமிழில் சொன்னால் வேறெதுவோ ஆகிவிடுகிறது. மாண்பு என்று வைத்துக்கொள்கிறேன். மனிதன் மனிதனாக இருப்பதில் சிறந்து நிற்கும் மாண்பு.

மீதியை நாளை எழுதுகிறேன்.

---

கப்பல்காரன்

ஐயா சொல்லைப் பிரித்துத் தந்தது நல்லது. நான் சாக்ரடீஸ் பக்கம். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நான் சரக்குக் கப்பலில் இருபது வருடம் ஓடியவன். எனக்கு இந்தப் பக்கம் வழிகாட்டியவர் ஜீனோ, சைப்ரஸ் தீவின் சீட்டியம் ஊர்க்காரர். ஊதாச் சாயச் சரக்கோடு வந்த அவர் கப்பல் ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸ் பக்கத்தில் உடைந்தது. கரையேறி நகருக்குள் வந்தவர் ஒரு புத்தகக் கடையில் உட்கார்ந்தார். கடைக்காரர் சாக்ரடீஸைப் பற்றி ஸெனோஃபோன் எழுதியதை வாசித்துக்கொண்டிருந்தாராம். "இப்படிப்பட்டவர்களை எங்கே பார்க்கலாம்?" என்று கேட்டிருக்கிறார். அந்த நேரம் பார்த்துத் தெருவில் போன தத்துவஞானி கிராட்டிஸைக் காட்டி, "அவர் பின்னால் போ" என்றார் கடைக்காரர். தத்துவஞானிகளின் வாழ்க்கைக் கதைகளைத் தொகுத்த டயோஜெனிஸ் லயேர்ஷியஸ் எழுதிவைத்த கதை. கப்பல் உடைந்ததுதான் என் நல்ல பயணம் என்று ஜீனோ பின்னாளில் சொன்னதாகவும் அதிலே இருக்கிறது. கி.மு. 300 வாக்கில் ஏதென்ஸ் சந்தைத் திடலின் ஓரத்தில், ஓவியம் தீட்டிய தூண் மண்டபத்தில் அவர் பாடம் சொன்னார். மண்டபத்துக்கு அவர்கள் சொல் ஸ்டோவா. அதிலிருந்துதான் ஸ்டோயிக் என்ற பெயர்.

இவர்கள் வாதம் நேரானது. நல்வாழ்வுக்கு மாண்பு மட்டும் போதும். உடல்நலம், பணம், பெயர், பிள்ளைகள் எல்லாம் 'நல்லவை' அல்ல, 'விரும்பத்தக்கவை' மட்டுமே. கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம், போனால் நாம் குறைந்துவிடுவதில்லை. ரோம் நாட்டு எழுத்தாளர் சிசரோ தரும் உவமை ஒன்று உண்டு. வில்லாளி குறிபார்ப்பதில் தன்னால் ஆன அத்தனையும் செய்கிறான். அம்பு கையை விட்ட பிறகு காற்று திருப்பிவிட்டால் அது அவன் பிழையா? அவன் வேலை சரியாக எய்வது, அது நிறைவேறிவிட்டது.

தம்பி, உங்கள் மாமா சரியாக எய்தவர். காற்று அடித்தது. அவ்வளவுதான்.

---

மலர்விழி

நான் வலிதணிப்பு வார்டில் நர்ஸ். கப்பல்காரன் அண்ணே எழுதியதைப் படித்துக் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

//காற்று அடித்தது. அவ்வளவுதான்.//

இதை உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளலாம். உங்கள் ஸ்டோயிக் எபிக்டெட்டஸ் தனக்குச் சொல்லிக்கொண்டார், அவருக்கு அந்த உரிமை இருந்தது. அடிமையாக இருந்தவர், கால் ஊனம். நம் வசத்தில் உள்ளவை எவை, நம் வசத்தில் இல்லாதவை எவை என்று அவர் பிரித்துக் காட்டியதைப் பிடித்துக்கொண்டு உயிர்வாழ்ந்த நோயாளிகளை எனக்குத் தெரியும். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் பேச்சு போன மனிதரின் கட்டிலருகே நின்று, 'நீங்கள் இழந்தது எதுவும் நல்லவை அல்ல, விரும்பத்தக்கவை மட்டும்தான்' என்று என்னால் சொல்ல முடியாது. இழந்தது இழந்ததுதான். பேச்சு நல்லது. கை நல்லது. அது போனதற்கு அழுகிறவர் அறிவு குறைந்தவர் இல்லை.

அந்த இடத்தில் அரிஸ்டாட்டில் எனக்குப் பக்கத்தில் நிற்கிறார். இழப்பை இழப்பு என்றே சொல்கிறார்.

அவர் எல்லா இடத்திலும் பக்கத்தில் நிற்கிறவர் இல்லை என்பதும் தெரியும். அதே முதல் பாகத்தில் நல்வாழ்வுக்கு வெளியிலிருந்து வேண்டியவற்றைச் சொல்லும்போது, பார்க்கவே அருவருப்பானவனும் தாழ்ந்த பிறப்பினனும் பிள்ளையில்லாத தனியனும் யூடைமோன் ஆவது அரிது என்கிறார். எனக்குக் குழந்தை இல்லை. அந்த வரியை முதல்முறை படித்த ராத்திரி நூலைத் தூக்கி அலமாரியில் வைத்துவிட்டு ஒரு வருடம் எடுக்கவில்லை.

---

ஏதென்ஸ்வழி

மலர்விழி அம்மா, அந்த வரிக்குச் சாக்குச் சொல்ல மாட்டேன். தன் காலத்தில் பொதுவாகச் சொல்லப்பட்டதை எடுத்துப் பரிசீலிப்பது அவர் முறை, இந்த இடத்தில் பரிசீலனை போதவில்லை. 'அரசியல்' நூலில் சிலர் இயற்கையிலேயே அடிமைகள் என்று வாதாடியதோ இதைவிடப் பெரிய பிழை. பிளேட்டோவின் 'கோர்கியாஸ்' உரையாடலில் சாக்ரடீஸ், நல்லவர்களாக இருக்கும் ஆணும் பெண்ணும் யூடைமோன் என்று பெண்ணையும் சேர்த்தே சொல்கிறார். மாணவரின் மாணவர் அங்கிருந்து பின்னால் போய்விட்டார்.

இனி தம்பியின் கேள்விக்கு வருகிறேன். அரிஸ்டாட்டிலுக்கு முன்னால் இந்தக் கேள்வியைக் கதையாகச் சொன்னவர் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ்.

லிடியா நாட்டு அரசன் குரோசஸ். தலைநகர் சார்டிஸ். பொக்கிஷம் நிரம்பி வழிகிறது. ஏதென்ஸின் சட்டம் வகுத்த சோலோன் அங்கே விருந்தினராக வருகிறார். (இருவரும் சந்தித்திருக்கக் கால வரிசைப்படி இயலாது என்று பழங்காலத்திலேயே சிலர் சொன்னார்கள். புளூட்டார்க் அதைக் குறிப்பிட்டுவிட்டு, இவ்வளவு பொருத்தமான கதையை விட மனமில்லை என்கிறார்.) பொக்கிஷ அறைகளைச் சுற்றிக் காட்டிய பிறகு குரோசஸ் கேட்கிறான்: நீ பார்த்தவர்களில் எல்லாரையும்விடப் பேறு பெற்றவன் யார்? தன் பெயர் வரும் என்று காத்திருக்கிறான்.

சோலோன் சொன்ன பெயர் ஏதென்ஸ்காரன் டெல்லஸ். ஊர் செழித்திருந்தது. நல்ல பிள்ளைகள். எல்லாப் பிள்ளைகளுக்கும் பிள்ளைகள் பிறந்து, அத்தனை பேரும் பிழைத்திருந்ததைக் கண்ணால் கண்டான். கடைசியில் எலியூசிஸில் நடந்த சண்டையில் எதிரியை விரட்டிவிட்டு விழுந்தான், விழுந்த இடத்திலேயே ஊர்ச் செலவில் அடக்கம் செய்தார்கள்.

சரி, இரண்டாவது யார்? ஆர்கோஸ் ஊர்ச் சகோதரர்கள் கிளியோபிஸ், பிட்டோன். ஹீரா தேவியின் திருவிழாவுக்குத் தாயை வண்டியில் கூட்டிப்போக வேண்டும். மாடுகள் வயலிலிருந்து நேரத்துக்கு வரவில்லை. பிள்ளைகள் நுகத்தைத் தாங்களே தோளில் ஏற்றி 45 ஸ்டேடியம், ஏறக்குறைய 8 கிலோமீட்டர், இழுத்துப் போனார்கள். ஊரே பார்த்து வாழ்த்தியது. பூரித்துப்போன தாய், மனிதருக்குக் கிடைக்கக்கூடியதில் மிகச் சிறந்ததை இவர்களுக்குக் கொடு என்று தேவியிடம் வேண்டினாள். பலி முடிந்து, விருந்து முடிந்து, கோயிலுக்குள்ளேயே படுத்த பிள்ளைகள் எழுந்திருக்கவில்லை. அவர்கள் சிலைகள் என்று கருதப்படும் இரண்டு பளிங்கு இளைஞர்கள் இன்றும் டெல்ஃபி அருங்காட்சியகத்தில் நிற்கிறார்கள்.

குரோசஸுக்குக் கோபம். அப்போது சோலோன் ஒரு கணக்குப் போடுகிறார். மனித ஆயுள் 70 வருடம். பருவத்தோடு ஒத்துப்போக அவர்கள் நாட்காட்டியில் இடையிடையே சேர்க்கும் மாதங்களையும் கூட்டினால் 26,250 நாள். அதில் ஒரு நாள் கொண்டுவருவதை இன்னொரு நாள் கொண்டுவருவதில்லை. ஆகவே முடிவைப் பார்க்காமல் ஒருவனைப் பேறு பெற்றவன் என்று சொல்லாதே, அதிர்ஷ்டக்காரன் என்று மட்டும் சொல். பிறகு குரோசஸின் மகன் ஆட்டிஸ் பன்றி வேட்டையில் தவறிப் பாய்ந்த ஈட்டியில் செத்தான். சார்டிஸ் பாரசீக அரசன் சைரஸிடம் விழுந்தது. சிதையில் ஏற்றப்பட்ட குரோசஸ் மூன்று முறை சோலோனின் பெயரைச் சொல்லிக் கத்தினான்.

---

முல்லைக்கொடி

டெல்லஸின் பேரப்பிள்ளைகள் அத்தனை பேரும் பிழைத்திருந்தார்கள் என்ற இடத்தில் நின்றுவிட்டேன். பிறக்கிற பிள்ளைகள் பிழைக்காத காலத்தில் அது எவ்வளவு பெரிய பேறு. என் பாட்டி பெற்றது ஒன்பது, தங்கியது நான்கு. அவர் டெல்லஸின் கதையைக் கேட்டிருந்தால் பொக்கிஷம் பெரிதா பேரன் பெரிதா என்று ஒரு கணம்கூட யோசித்திருக்க மாட்டார்.

---

கரிசல்காற்று

ஐயா, இந்தக் கதையைப் படித்ததும் எனக்குப் பயம்தான் கூடியது. முடிவைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றால், மாமாவின் முதல் 58 வருடத்தையும் இந்த ஆறு வருடம் அழித்துவிடுமா?

---

ஏதென்ஸ்வழி

இல்லை. அரிஸ்டாட்டில் சோலோனோடு மோதுவது அந்த இடத்தில்தான். முதல் பாகம் பத்தாம் அதிகாரம், நீங்கள் நிற்கிற பக்கம்.

அவர் கேட்கிறார்: ஒருவன் சாகும்வரை அவனை யூடைமோன் என்று சொல்லக்கூடாது என்றால், உயிரோடு இருக்கும்போது உண்மையாக இருந்த ஒன்றை அப்போது சொல்லாமல் செத்த பிறகு சொல்வது விநோதமில்லையா? அதிர்ஷ்டச் சக்கரம் சுற்றுவதைப் பின்தொடர்ந்தே பேசினால், ஒரே மனிதனை இன்று யூடைமோன் என்றும் நாளை பரிதாபத்துக்குரியவன் என்றும் மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டிவரும். அப்போது அவன் பச்சோந்தி ஆகிவிடுவான் என்கிறார். பச்சோந்தி என்பது அவர் பயன்படுத்திய சொல்லேதான்.

அவருடைய விடை, யூடைமோனியா என்பது ஒரு செயல். மாண்போடு இயங்குவது. முழு வாழ்நாள் நீளத்துக்கு. ஒரு தகைவிலான் குருவி வந்துவிட்டால் வசந்தம் வந்துவிடாது, ஒரு நாள் நன்றாகப் போனால் வாழ்வு நல்வாழ்வு ஆகிவிடாது என்ற வரி இதற்கு முன்பே, ஏழாம் அதிகாரத்தில் வருகிறது. ஒலிம்பிக் போட்டியில் முடிசூட்டப்படுபவர்கள் இருப்பவர்களில் அழகானவர்களோ பலசாலிகளோ அல்ல, களத்தில் இறங்கிப் போட்டியிட்டவர்கள்தான் என்றும் சொல்கிறார். செயல் எங்கே இருக்கிறதோ அங்கேதான் உறுதி இருக்கிறது. மனிதக் காரியங்களில் மாண்புள்ள செயல்கள் அளவுக்கு நிலைத்திருப்பது வேறெதுவும் இல்லை என்கிறார்.

இப்போது முக்கியமான இடம். டிராய் அரசன் பிரியாமை எடுத்துக்கொள்கிறார். வாழ்நாளெல்லாம் நன்றாக வாழ்ந்து முதுமையில் பிள்ளைகளையும் நகரையும் இழந்தவன். அவனைப்போல் ஒருவனுக்கு நேர்ந்தால்? இரண்டு சொல் வைக்கிறார். ஒன்று 'மக்காரியோஸ்', தேவர்களுக்குச் சொல்லும் பேறு. பிரியாமின் கதி வந்தவனுக்கு அந்தச் சொல் பொருந்தாது என்று ஒப்புக்கொள்கிறார். இன்னொன்று 'அத்லியோஸ்', பரிதாபத்துக்குரியவன், வாழ்க்கை பாழானவன். மாண்புள்ளவன் ஒருபோதும் அத்லியோஸ் ஆகமாட்டான், ஏனென்றால் வெறுக்கத்தக்கதையும் இழிவானதையும் அவன் ஒருபோதும் செய்யமாட்டான்.

தம்பி, இரண்டு ஓரத்துக்கும் நடுவே அவர் விட்டிருக்கிற இந்த இடத்தைப் பாருங்கள். கொடுத்துவைத்தவர் என்று சொல்ல முடியாது. பாழாய்ப்போனவர் என்றும் சொல்லக் கூடாது. மாமாவைப் பார்க்க வருகிறவர்கள் இரண்டாவதைத்தான் சொல்லாமல் சொல்கிறார்கள். அது தவறு.

---

கப்பல்காரன்

நான் ஒன்று கேட்க வேண்டும். நடுவே இடம் விட்டிருக்கிறார் சரி. அந்த இடத்தில் நிற்கிறவர் யூடைமோனா, இல்லையா? அரிஸ்டாட்டில் நழுவுகிறார் என்றுதான் எங்கள் ஸ்டோயிக் ஆட்கள் சொல்வார்கள்.

அவருக்குப் பின்னால் லைசியம் பள்ளியை நடத்திய தியோஃபிராஸ்டஸ், அதிர்ஷ்டத்தின் கையை இன்னும் பெரிதாக்கினார் என்று சிசரோ குறை சொல்கிறார். பிறகு வந்த ஆண்டியோக்கஸ், மாண்பு இருந்தால் நல்வாழ்வு உண்டு, மற்ற நன்மைகளும் சேர்ந்தால் அது மிக நல்வாழ்வு என்று சமரசம் பேசினார். சிசரோ கி.மு. 79-இல் ஏதென்ஸில் அவரிடம் பாடம் கேட்டவர். அவரே கேட்கிறார்: நல்வாழ்வு ஏற்கெனவே முழுமையானது என்றால் அதன்மேல் எதைக் கூட்டுவது? நிறைந்த குடத்தில் எங்கே ஊற்றுவது?

இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாததால்தான் நான் ஸ்டோயிக் பக்கம் நின்றேன். மலர்விழி தங்கச்சி சொன்னது உறைத்தது. கட்டிலருகே சொல்ல முடியாத உண்மையை எப்படி உண்மை என்பது என்று நேற்று ராத்திரி முழுக்க யோசித்தேன். விடை கிடைக்கவில்லை. 'அவ்வளவுதான்' என்று எழுதியதை மட்டும் திரும்பப் பெறுகிறேன். தம்பி மன்னிக்கணும்.

---

மலர்விழி

அண்ணே, இதற்கு மேல் நீங்கள் மன்னிப்புக் கேட்க எதுவும் இல்லை. உங்கள் ஆட்களிடம் எனக்கு ஒட்டாத இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே இருப்பவனும் ஆழத்தில் கிடப்பவனும் ஒரேபோல மூச்சுமுட்டித்தான் சாகிறான் என்று ஸ்டோயிக்குகள் சொல்வார்களாம். முழு ஞானி அல்லாத எல்லாரும் ஒரே கணக்குத்தான். என் வார்டில் ஒரு சாண் என்பது பெரிய தூரம். நேற்று தலையைத் திருப்ப முடியாதவர் இன்று திருப்பினால் நாங்கள் எல்லாரும் கட்டிலைச் சுற்றி நிற்போம்.

இன்பமே நல்வாழ்வு என்ற எபிக்யூரஸைப் பற்றி யாரும் பேசவில்லையே. குடியும் கூத்தும் என்று அவர் பெயர் கெட்டுப்போயிருக்கிறது. அவரே மெனோசியஸ் என்பவருக்கு எழுதிய கடிதத்தில், நான் சொல்லும் இன்பம் குடிவிருந்து இல்லை, உடலில் வலி இல்லாததும் மனதில் கலக்கம் இல்லாததும்தான் என்கிறார். விவேகமும் நேர்மையும் இல்லாமல் இன்பமாக வாழ முடியாது, இன்பமாக வாழாமல் விவேகமாக நேர்மையாக வாழவும் முடியாது என்கிறார். ஏதென்ஸில் அவர் தோட்டத்துப் பள்ளியில் பெண்களும் அடிமைகளும் இருந்தார்கள். லியோன்டியோன் என்ற பெண் தியோஃபிராஸ்டஸை மறுத்து நூலே எழுதினாள்.

வலிதணிப்பு வேலையில் இருப்பவளுக்கு அவர் கடைசி நாள் முக்கியம். கி.மு. 270. சிறுநீர்க்கல் அடைத்து இரண்டு வாரம் கிடந்தார். கடைசிக் கடிதத்தில் வலியை மறைக்கவே இல்லை, இதைவிடக் கூடமுடியாத வலி என்று எழுதுகிறார். நாம் பேசிய பேச்சுகளின் நினைவு மனதில் தரும் மகிழ்ச்சி இந்த வலிக்கு எதிரே நிற்கிறது என்று எழுதுகிறார். அதோடு முடிக்கவில்லை. இறந்துபோன நண்பர் மெட்ரோடோரஸின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள் என்று கேட்டுக்கொள்கிறார். சிறுநீர்க்கல் வலியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த வலியில் அடுத்தவர் பிள்ளையின் நினைவு வருவது எப்பேர்ப்பட்டது என்று.

---

பனங்காடு

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பிளேட்டோவின் 'குடியரசு' இரண்டாம் பாகத்தில் கிளாக்கோன் இதே கேள்வியை இன்னும் கடுமையாகக் கேட்கிறானே. நேர்மையானவனை எடுத்துக்கொள், அவனுக்கு அயோக்கியன் என்ற பெயரையும் கொடுத்துவிடு. சவுக்கடி, வதை, கண்ணைச் சுட்டுப் பொசுக்குதல், கடைசியில் கழுவேற்றம். இப்போது சொல், இவன் வாழ்க்கை நல்ல வாழ்க்கையா?

சாக்ரடீஸ் இதற்கு நேரடியாகப் பதில் சொல்ல எட்டுப் பாகம் எடுத்துக்கொள்கிறார். ஒன்பதாம் பாகத்தில், கொடுங்கோலனைவிட நல்லரசன் 729 மடங்கு இன்பமாக வாழ்கிறான் என்று கணக்கே போடுகிறார். அந்தக் கணக்கு எனக்கு எப்போதும் ஒட்டியதில்லை. கழுவில் ஏறியவனைப் பற்றித்தானே கேள்வி? கொடுங்கோலனின் மனசு எவ்வளவு நரகம் என்று காட்டினால் கழுவில் ஏறியவனுக்கு என்ன கிடைத்தது? ஒன்று மட்டும் ஒத்துக்கொள்கிறேன். இருவரில் யாராக இருக்க விருப்பம் என்று கேட்டால், ரொம்ப நேரம் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, கொடுங்கோலனாக மாட்டேன் என்றுதான் சொல்வேன்.

---

கரிசல்காற்று

எல்லாருக்கும் நன்றி. இரண்டு வாரமாக இந்தப் பக்கம் வரவில்லை. பத்தாம் அதிகாரத்தை ஐயா சொன்ன பிறகு மறுபடி படித்தேன். அங்கே செருப்புத் தைப்பவர் ஒருவர் வருகிறார். நல்ல செருப்புத் தொழிலாளி, கையில் கொடுத்த தோலில் எவ்வளவு நல்ல செருப்பு தைக்க முடியுமோ அதைத் தைப்பார். நல்ல படைத்தலைவன் கையில் இருக்கிற படையை வைத்து முடிந்த அளவு நன்றாகப் போரிடுவான். மாண்புள்ளவனும் அப்படித்தான், வந்த நிலைமையில் செய்யக்கூடியதில் சிறந்ததைச் செய்வான் என்கிறார்.

இது என்னை வேறொன்றைக் கவனிக்க வைத்தது. மாமா ஒன்றும் செய்வதில்லை என்றே நான் நினைத்திருந்தேன். போன ஞாயிறு ஒருவர் பார்க்க வந்தார். உள்ளே நுழைந்ததும் மாமா இடது கையைத் தூக்கி மூலையில் மடக்கி வைத்திருக்கும் நாற்காலியைக் காட்டினார். நான் எடுத்துப் போடும்வரை கையை இறக்கவில்லை. போட்ட பிறகு அத்தை பக்கம் திரும்பி விரலைக் குவித்துக் காட்டினார், காபி. ஆறு வருடமாக ஒவ்வொருவருக்கும் இதையே செய்கிறார். நான் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். ஒருநாளும் கண்ணில் படவில்லை.

ஐயா, இது 'செயல்' ஆகுமா? நான் ஆறுதலுக்காக இட்டுக்கட்டுகிறேனா?

---

ஏதென்ஸ்வழி

இட்டுக்கட்டவில்லை. ஆனால் கூட்டியும் சொல்லமாட்டேன். பெரும் துன்பங்கள் நல்வாழ்வை நசுக்கும், பல செயல்களுக்குத் தடையாகும் என்று அவர் ஒளிக்காமல் எழுதுகிறார். மாமா ரசீது எழுதிய நாட்களின் வீச்சு இப்போது இல்லை. அதை மறைத்தால் மலர்விழி அம்மா சொன்ன இழப்பை மறைத்ததாகும். அதே மூச்சில் அரிஸ்டாட்டில் சொல்கிறார்: இத்தகைய நேரத்திலும், உணர்ச்சி மரத்துப்போனதால் அல்லாமல் பெருந்தன்மையால் ஒருவர் தாங்கும்போது, அழகானது அதன் ஊடாக ஒளிவிடும். கை வராதவரின் வீட்டில் வந்தவருக்கு நாற்காலி கிடைக்கிறது. கொடுத்த தோல் அவ்வளவுதான், தையல் சரியாக இருக்கிறது.

இரண்டாம் பாகத்தில், வீடு கட்டிக் கட்டியே கட்டடக்காரர் ஆகிறோம், யாழ் வாசித்து வாசித்தே இசைக்கலைஞர் ஆகிறோம், நேர்மையான செயல்களைச் செய்து செய்தே நேர்மையானவர் ஆகிறோம் என்று வரும். கேட்காதவர் கையிலும் ரசீதைத் திணித்த அந்தக் கைதான் இப்போது நாற்காலியைக் காட்டுகிறது. இடது வலது மாறியிருக்கிறது.

கப்பல்காரன் கேட்ட கேள்வி அப்படியே இருக்கிறது. மாமா யூடைமோனா? அரிஸ்டாட்டிலை வைத்து என்னால் 'ஆம்' என்று சொல்ல முடியவில்லை. அவரே சொல்லாததை நான் சொல்லக் கூடாது. நீங்கள் முதல் பாகத்தை விட்டு நகரலாம். எட்டாம், ஒன்பதாம் பாகங்களுக்குப் போங்கள், இரண்டும் நட்பைப் பற்றியவை. பத்தில் இரண்டு பாகத்தை அவர் நட்புக்கே கொடுத்திருக்கிறார்.

---

மலர்விழி

ஒன்பதில் பதினோராம் அதிகாரத்தை முதலில் படி தம்பி. நான் ஒரு வருடம் கழித்து நூலைத் திரும்ப எடுத்தது அதற்காகத்தான்.

---

கரிசல்காற்று

படித்தேன் அக்கா.

நண்பர்கள் தேவைப்படுவது நல்ல காலத்திலா கெட்ட காலத்திலா என்று கேட்டுவிட்டு எழுதுகிறார். கெட்ட காலத்தில் நண்பன் பக்கத்தில் இருந்தால் பாரம் குறைகிறது. ஆனால் தன் துன்பத்தைப் பார்த்து நண்பன் வருந்துவதை நல்ல மனிதன் விரும்பமாட்டான், ஆகவே கூப்பிடத் தயங்குவான். போகிறவனோ, துன்பத்தில் இருக்கும் நண்பனிடம் கூப்பிடாமலே, தயங்காமல் போக வேண்டும்.

மாமாவோடு தபால் ஆபீஸில் ஒன்றாக வேலை பார்த்த நண்பர் ஒருவர் உண்டு. முதல் வருடம் வந்தார், அப்புறம் வரவில்லை. போன் போடட்டுமா என்று நான் கேட்கும்போதெல்லாம் மாமா இடது கையை வேகமாக ஆட்டி வேண்டாம் என்பார். கோபம் என்று நினைத்திருந்தேன். இந்த அதிகாரம் படித்த பிறகு அப்படித் தோன்றவில்லை.

நேற்று மாமாவிடம் கேட்காமல் நானே அவரைக் கூப்பிட்டேன். பேச்சு போன மனிதன் முன்னால் நான் மட்டும் பேசிக்கொண்டு உட்கார முடியவில்லை, அதனால்தான் வரவில்லை என்றார். ரொம்ப நேரம் போனில் அழுதார். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணி பஸ்ஸில் வருகிறேன் என்றிருக்கிறார்.

நாற்காலியை மூலையிலேயே மடக்கி வைத்திருக்கிறேன். எடுத்துப் போடவில்லை.